சார்ட்டில் எழுதாதது நடக்காதது

ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையில் நர்ஸுகள் பெரும்பாலும் ரைட்டிங்கில்தான் தடுக்கி விழுவார்கள். நான் விழுந்தது ரீடிங்கில், அதுவும் இரண்டு தடவை. பிரிட்டனில் நர்ஸாகப் பதிய வேண்டுமென்றால் அங்குள்ள நர்ஸிங் கவுன்சிலான என்.எம்.சி. ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் ஒன்பதுக்கு 7 பேண்டு கேட்கிறது. ரைட்டிங்குக்கு மட்டும் 6.5 போதும் என்று 2018 இறுதியில் இறக்கிவிட்டார்கள். என் துரதிர்ஷ்டம், ரீடிங்குக்கு அந்த இறக்கம் இல்லை. முதல் தடவை ரைட்டிங்கில் 6.5, ரீடிங்கில் 5.5. "பக்கத்தைக் கையில குடுத்துப் பார்த்துப் படிக்கச் சொல்றாங்க, அதுக்குமா மார்க் வராது?" என்று சீனியர் சிஸ்டர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான், என்னிடம்தான் பதில் இல்லை.

நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். அப்பா சேலம் அம்மாப்பேட்டையில் தறி நெய்கிறவர். பி.எஸ்ஸி. நர்ஸிங் நான்கு வருடத்தையும் ஆங்கிலப் புத்தகத்தை மனப்பாடம் செய்தே ஓட்டினேன். மனப்பாடம் என்றால் கமா, புள்ளி உட்பட. ஒரு பத்தியின் முதல் வரியைச் சொன்னால் கடைசி வரி வரை ஒப்பிப்பேன். அந்தப் பத்தி என்ன சொல்ல வருகிறது என்று கேட்டால் மறுபடி முதல் வரியிலிருந்து ஒப்பிப்பேன். அப்புறம் ஏற்காட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. வீடு கீழே, வேலை மேலே. தினமும் பஸ்.

பரீட்சை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காக: அகாடமிக் ரீடிங்கில் மூன்று நீளமான கட்டுரைகள், 40 கேள்விகள், 60 நிமிடம். மூன்றும் சேர்ந்தால் இரண்டாயிரத்துச் சொச்சம் வார்த்தைகள் வரும், சில சமயம் 2,700 வரை போகும். சில கேள்விகளில் ஒரு வாக்கியம் தருவார்கள்: கட்டுரை அதையே சொன்னால் ட்ரூ, அதற்கு எதிராகச் சொன்னால் ஃபால்ஸ், அதைப் பற்றி எதுவும் சொல்லாவிட்டால் நாட் கிவன். கேள்விக்கு ஒரு மார்க். தவறான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். ஏறக்குறைய 30 சரியாக இருந்தால் 7 பேண்டு. 23 என்றால் 6. இது தாளுக்குத் தாள் ஒன்றிரண்டு மாறும். எத்தனை சரி என்பதைச் சான்றிதழில் போட மாட்டார்கள், பேண்டை மட்டும்தான் போடுவார்கள். அதனால் எங்கே கோட்டை விட்டோம் என்பதை நாமேதான் வீட்டில் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் தடவை எங்கே கோட்டை விட்டேன் என்பதைக் கண்டுபிடிக்க எந்த ஆராய்ச்சியும் தேவைப்படவில்லை. கோயம்புத்தூரில், பேப்பர் முறையில் எழுதினேன். முதலில் லிசனிங். அது முடிந்ததும் விடைகளை விடைத்தாளில் எடுத்து எழுதப் பத்து நிமிடம் தந்தார்கள். அடுத்தது ரீடிங். அதற்கும் அதேபோலத் தருவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு, விடைகளையெல்லாம் கேள்வித்தாளிலேயே குறித்துக்கொண்டே போனேன். ரீடிங்குக்கு அந்தப் பத்து நிமிடம் கிடையாது. மேற்பார்வையாளர் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறார், தாளிலும் அச்சிட்டிருக்கிறது. "பென்சிலைக் கீழே வையுங்கள்" என்று சொன்னபோது என் விடைத்தாளில் கடைசி ஒன்பது கட்டங்கள் காலி. விடை தெரிந்த ஒன்பது. கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம் கட்டி எழுதிய பரீட்சை. திரும்பி வரும் பஸ்ஸில் சங்ககிரி வரை நான் யாரிடமும் பேசவில்லை.

கேள்வியைப் படிக்கும் பரீட்சையில் கேள்வித்தாளின் முதல் பக்கத்தைப் படிக்காமல் விழுந்தேன் என்பது எனக்கு உறைக்க இன்னும் ஒரு வருடம் பிடித்தது. அப்போதைக்கு, "டைம் பத்தல, வேகம் வேணும்" என்றுதான் முடிவு கட்டினேன். வேகம் கற்றுத்தருகிறோம் என்று சொன்ன ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அங்கே சொல்லிக்கொடுத்தது இதுதான்: கட்டுரையைப் படிக்காதே, நேரே கேள்விக்குப் போ, கேள்வியில் உள்ள முக்கியமான வார்த்தையைக் கட்டுரையில் தேடு, அது இருக்கும் வரியில் விடை இருக்கும். "ஆல்", "ஆல்வேஸ்", "ஒன்லி" என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஃபால்ஸ் போடு. எதுவும் கிடைக்காவிட்டால் நாட் கிவன்.

இந்த முறைக்கு 6 வரைக்கும் கொண்டுபோகிற சக்தி உண்டு. அதில் பொய் இல்லை. பெயர், வருடம், எண் கேட்கிற கேள்விகளுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பரீட்சை தயாரிப்பவர்களுக்கும் இந்தத் தந்திரம் தெரியும் அல்லவா? கேள்வியில் உள்ள வார்த்தையைக் கட்டுரையில் அப்படியே வைக்க மாட்டார்கள். வைத்தால், தவறான விடைக்குப் பக்கத்தில் வைப்பார்கள். கேள்வியில் "விலை" என்று இருந்தால் கட்டுரையில் "வாங்குகிறவர் கொடுக்கும் தொகை" என்று இருக்கும். "விலை" என்ற வார்த்தை வேறெங்கோ, சம்பந்தமில்லாத வரியில், நமக்காகக் காத்துக்கொண்டிருக்கும். நான் ஒவ்வொரு தடவையும் போய் அந்த வரியில் விழுந்தேன்.

இரண்டாவது தடவை 6.5. மற்ற மூன்றும் தேறிவிட்டன. ரீடிங்கில் அரை பேண்டு, அதாவது ஒன்றிரண்டு கேள்வி. 5.5 வந்தபோது அழவில்லை, 6.5-க்கு அழுதேன்.

அதற்கப்புறம்தான் செய்த தவறுகளை உட்கார்ந்து எண்ணினேன். பழைய தேர்வுத்தாள்கள் கொண்ட கேம்பிரிட்ஜ் புத்தகங்களில் ஒவ்வொன்றிலும் நான்கு தேர்வுகள் இருக்கும். செய்து முடித்தவற்றையே மறுபடி எடுத்து, தவறான ஒவ்வொரு விடைக்கும் எதிரில் ஏன் தவறு என்று ஒரு வரி தமிழில் எழுதினேன். "வார்த்தை தெரியல", "நேரம் இல்ல", "ரெண்டு வார்த்தைன்னு சொன்னதுக்கு மூணு எழுதிட்டேன்" இப்படி. வார்த்தை தெரியாமல் போனதுதான் அதிகமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. அதிகமாக இருந்தது நானே புதிதாக எழுதவேண்டி வந்த ஒரு வரி: "அதுல அப்படி சொல்லல, நானா நினைச்சுக்கிட்டேன்."

இந்த வரியை எனக்குக் கொடுத்தது என் அம்மா. அது நடந்தது இப்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் சொன்னேன், தமிழ்ப் பேப்பரிலேயே எனக்கு ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் கேள்வி எடு, ஆங்கிலம்தான் பிரச்சினையா வேற எதுவுமா என்று பார்த்துவிடலாம். அவன் மாம்பழச் செய்தி ஒன்றைப் பிடித்தான். சேலம் மார்க்கெட்டுக்குக் குண்டு, மல்கோவா வரத்து போன வருடத்தைவிடக் குறைந்துவிட்டது, விலை ஏறிவிட்டது, வியாபாரிகள் கவலை என்று நாலு வரி. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவர். நானும் ஆடுகிறேன் என்றார்.

தம்பி கேட்டான்: "மழை இல்லாததால் விளைச்சல் குறைந்தது. சரியா, தப்பா, சொல்லலையா?"

"சரி" என்றேன் நான், சட்டென்று. அந்த வருடம் எங்கள் பக்கம் மழை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"மழைன்னு எங்க கண்ணு எழுதியிருக்கு?" என்றார் அம்மா. "பழம் வரல, வெல ஏறிப்போச்சு, அம்புட்டுத்தான். காய்ச்சதோ காய்க்கலையோ, வேற ஊருக்கு ஏத்திட்டுப் போயிட்டானோ, யாரு கண்டா?"

எடுத்துப் பார்த்தேன். மழை என்ற வார்த்தையே அதில் இல்லை. விளைச்சல் என்றுகூட இல்லை, வரத்து என்றுதான் இருந்தது. பத்துக் கேள்வியில் அம்மா ஒன்பது, நான் ஆறு. தமிழில். நான்கு வருடம் பட்டப்படிப்பு படித்த நான் வரிகளுக்கு நடுவில் என் மூளையில் இருப்பதையும் சேர்த்துப் படிக்கிறேன். அம்மா எழுத்துக்கூட்டாத குறையாக மெதுவாக, இருப்பதை மட்டும் படிக்கிறார். பிரச்சினை ஆங்கிலத்தில் இல்லை என்று அன்று தெரிந்தது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இருப்பதை மட்டும் படிப்பது என் தொழில். நர்ஸிங்கில் முதல் வருடமே தலையில் அடித்துச் சொல்லித்தருவார்கள்: சார்ட்டில் எழுதாதது நடக்காதது. ஊசி போட்டேன், எழுத மறந்துவிட்டேன் என்றால் கதை செல்லாது. ட்யூட்டி மாறும்போது ஹேண்ட் ஓவர் வாங்குகிறவள், "கொடுத்திருப்பாங்க" என்று நினைத்து விட்டுவிட்டால் நோயாளிக்கு ஒரு டோஸ் தவறிவிடும். "கொடுக்கல போல" என்று நினைத்தால் இரண்டு டோஸ் ஏறிவிடும். வார்டில் இந்த ஒழுங்கோடு படிக்கிற நான், பரீட்சைத்தாளைக் கண்டதும் பக்கத்து வீட்டுக் கதை கேட்பதுபோலப் படித்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டுரையையும் கேஸ் ஷீட் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு உதாரணம். டாக்டர் எழுதிய ஆர்டர்: "காய்ச்சல் 101-க்கு மேல் போனால் பாராசிட்டமால் கொடுக்கவும்." இப்போது மூன்று வாக்கியங்கள். "குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் தர ஒரு மருந்து சொல்லப்பட்டிருக்கிறது" என்பது ட்ரூ. "99 இருந்தாலே மாத்திரை கொடுத்துவிட வேண்டும் என்பது டாக்டரின் ஆர்டர்" என்பது ஃபால்ஸ். "நோயாளிக்கு நேற்று காய்ச்சல் அடித்தது" என்பது? படித்தவுடன் ட்ரூ என்று கை போகும். காய்ச்சல் இல்லாமலா பாராசிட்டமால் எழுதுவார்? ஆனால் ஆர்டர், வந்தால் என்ன செய்வது என்று மட்டும்தான் சொல்கிறது. வந்ததா இல்லையா என்பது டெம்பரேச்சர் சார்ட்டில் இருக்கும், இந்தத் தாளில் இல்லை. நாட் கிவன்.

ஃபால்ஸுக்கும் நாட் கிவனுக்கும் நடுவில் தடுமாறுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஃபால்ஸ் போட வேண்டுமென்றால் அந்த வாக்கியத்தை எதிர்க்கிற வரியில் விரலை வைக்க முடிய வேண்டும். "இது தப்பு, ஏன்னா இங்க இப்படி இருக்கு" என்று சொல்ல முடியாவிட்டால் அது ஃபால்ஸ் இல்லை. "இது தப்பாத்தான் இருக்கும்" என்பது விரல் வைப்பது ஆகாது.

டாக்டர்கள் இன்னொன்றும் செய்வார்கள். டெங்கு என்று உறுதியாகாத வரை "டெங்கு" என்று எழுத மாட்டார்கள், முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டு எழுதுவார்கள். அந்தக் கேள்விக்குறியைப் பார்க்காமல் வீட்டுக்காரர்களிடம் "டெங்குதாங்க" என்று சொல்லி ஒருமுறை நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆங்கிலக் கட்டுரையில் "மே", "மைட்", "சஜஸ்ட்ஸ்", "டெண்ட் டு" என்று வருகிற ஒவ்வொன்றும் அந்தக் கேள்விக்குறிதான். "இந்த மருந்து வலியைக் குறைக்கலாம்" என்று கட்டுரையில் இருந்து, "குறைக்கும் என்று நிரூபிக்கப்பட்டுள்ளது" என்று வாக்கியத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றல்ல. "சம்", "மோஸ்ட்", "ஆல்" இவற்றையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். "ஒன்லி" என்று வந்தாலே ஃபால்ஸ் என்பது பச்சைப் பொய். கட்டுரையும் "ஒன்லி" என்றுதான் சொல்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பழக்கத்துக்காக நானே குட்டிக் குட்டிப் பத்திகள் எழுதி வைத்துக்கொண்டேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது மலையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை இரண்டு வரியாக எழுதி, கீழே: ஏற்காட்டுக்குக் காப்பி வெளியிலிருந்து வந்தது, ட்ரூ. ஏற்காட்டுக் காப்பி மலையில் தானாக முளைத்த செடி, ஃபால்ஸ். காக்பர்ன் காப்பி விற்றுப் பணக்காரரானார், நாட் கிவன். வாக்கியம் எழுதிப் பார்ப்பது விடை எழுதுவதைவிட அதிகம் கற்றுத்தந்தது. நாட் கிவன் வாக்கியம் ஒன்றைத் தயாரிக்க உட்கார்ந்தால், அது எப்படி நம்பும்படி இருக்க வேண்டும் என்பது கைக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அடுத்தவன் தயாரித்ததைப் பார்த்தால் வாசனை வரும்.

இனி பஸ் கதை. அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் ஏறினால் கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை சமவெளி. இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய. அடிவாரத்துக்கு மேலே இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் பலகை. வளைவில் புத்தகத்தைத் திறந்தால் எனக்கு மூன்றாவது பலகைக்குள் வாந்தி வந்துவிடும். அதனால் சமவெளியில் ஒரு கட்டுரையைப் படிப்பேன். அடிவாரத்தில் புத்தகத்தைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். வளைவுக்கு ஒரு பத்தி: முதல் பத்தி என்ன சொன்னது, இரண்டாவது என்ன சொன்னது, தமிழில், ஒரே வரியில், எனக்குள்ளேயே. "பழைய காலத்துல இப்படி நம்புனாங்க." "ஆனா ஒருத்தர் சந்தேகப்பட்டார்." "அவர் செஞ்ச சோதனை." "அதுல ஒரு ஓட்டை." கட்டுரையின் பத்திகள் தீர்ந்தபின் மிச்ச வளைவுகளில், எந்தப் பத்தி நினைவில் மங்கலாக இருந்ததோ அதை மறுபடி துழாவுவேன். உதடு அசையும் போல. கண்டக்டர் ஒருநாள், "ஏனுங்க சிஸ்டர், தெனமும் மந்திரம் சொல்றீங்களே, பிரேக்கு மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்று கேட்டார்.

வாந்திக்குப் பயந்து ஆரம்பித்ததுதான். ஆனால் இதைவிட உருப்படியான பயிற்சி எதையும் நான் அதற்கு முன்பும் செய்யவில்லை, அப்புறமும் செய்யவில்லை. பத்திக்குத் தலைப்பு பொருத்தச் சொல்லும் கேள்விகளில், கொடுத்திருக்கும் தலைப்புகள் பத்திகளைவிட அதிகமாக இருக்கும். ஏமாற்றும் தலைப்பு, பத்தியில் வருகிற ஒரு சின்ன விவரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். சரியான தலைப்பு அந்தப் பத்தி எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும். வளைவுக்கு ஒரு வரி சொல்லிப் பழகியவளுக்கு அந்த வித்தியாசம் தானாகப் புலப்பட ஆரம்பித்தது. முதல் ஒரு மாதம் பாதிப் பத்திகள் நினைவுக்கே வராது, பத்தாவது வளைவில் கோபம் வரும். அப்போது தெரிந்தது, கண் ஓடியிருக்கிறது, நான் படிக்கவில்லை. மனப்பாடம் பழகிய கண்.

தமிழில் சொல்லிப் பார்க்கலாமா, ஆங்கிலத்திலேயே யோசிக்க வேண்டாமா என்று கேட்பார்கள். என் வரையில் சொல்கிறேன்: ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தால் கட்டுரையின் வார்த்தைகளையே திருப்பிச் சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொள்வேன். தமிழில் சொல்ல வேண்டுமென்றால் புரிந்திருந்தால்தான் முடியும்.

தேடுகிற வேலை வேறு. அதை அப்பாவிடம் பார்த்தேன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் இழை அறுந்தால் அவர் ஆயிரக்கணக்கான இழைகளையும் பார்ப்பதில்லை. தறியில் எந்தப் பக்கம் சத்தம் மாறியது, துணியில் எங்கே கோடு விழுந்தது என்று பார்த்து நேரே அந்த இடத்துக்குக் கையைக் கொண்டுபோவார். வருடம், ஆள் பெயர் கேட்கிற கேள்விகளுக்கு இப்படித்தான் போக வேண்டும். கட்டுரையை ஒருமுறை ஒழுங்காகப் படித்திருந்தால், எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கைக்குத் தெரியும். கோச்சிங்கில் சொன்னது முழுத்தப்பு இல்லை, வரிசைதான் தலைகீழ். முதலில் படி, அப்புறம் தேடு.

நேரம் பற்றி. கட்டுரைக்கு இருபது நிமிடம் என்று எல்லோரும் சொல்வார்கள். மூன்றாவது கட்டுரை மற்ற இரண்டையும்விடக் கடினமாக இருக்கும், அதற்கு இருபது பத்தாது. நான் முதலாவதைப் பதினாறு நிமிடத்தில் முடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். ட்ரூ ஃபால்ஸ், கோடிட்ட இடம் நிரப்புவது போன்றவற்றின் விடைகள் பெரும்பாலும் கட்டுரையில் வருகிற வரிசையிலேயே கிடைக்கும்; அதனால் மூன்றாவது கேள்விக்கும் ஐந்தாவதுக்கும் விடை கிடைத்துவிட்டால் நான்காவது நடுவில்தான் எங்கோ இருக்கிறது. எந்தப் பத்தியில் இந்தத் தகவல் இருக்கிறது என்று கேட்பதில் அந்த வரிசை இருக்காது, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஒரு கேள்வியில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு நகர வேண்டும். மார்க் குறைக்க மாட்டார்கள் என்பதால் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. ஒன்பது காலிக் கட்டம் விட்டவள் சொல்கிறேன்.

சில்லறை விஷயங்களில் போகிற மார்க்கும் உண்டு. "இரண்டு வார்த்தைக்கு மிகாமல்" என்றால் இரண்டுதான். முன்னால் ஒரு "தி" சேர்த்து மூன்றாக்கினால் விடை சரியாக இருந்தும் போயிற்று. எழுத்துப்பிழைக்கும் போகும். விடை கட்டுரையிலேயே இருப்பதால் பார்த்து எழுதினாலே போதும், அதிலும் கடைசி எழுத்தான "எஸ்"ஸை விட்டுவிடுவேன். கோடிட்ட இடத்துக்கு முன்னால் "ஏ" இருந்தால் ஒருமைதான் வரும் என்று இலக்கணத்தைப் பார்த்தே பிடிக்கலாம். பேப்பரில் எழுதுகிறவர்கள் யெஸ், நோ கேட்ட இடத்தில் ட்ரூ, ஃபால்ஸ் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யெஸ், நோ கேட்பது கட்டுரையாளரின் கருத்தை.

வார்த்தைகள் விஷயத்தில் எனக்கு வந்த வில்லங்கம் வேறு மாதிரி. தெரியாத வார்த்தையைவிடத் தெரிந்த வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது. நதியின் "டிஸ்சார்ஜ்" என்று படித்ததும் மூளை டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போகும். அது ஓடும் தண்ணீரின் அளவு. "கல்ச்சர்" என்றால் எனக்கு பிளட் கல்ச்சர், ரத்தத்தில் கிருமி பார்க்கிற சோதனை. "அக்யூட்" என்றால் திடீரென்று வந்த நோய்; கட்டுரையிலோ அது கூர்மையான பார்வை. ஒரு கட்டுரையில் "பேஷண்ட் அப்சர்வேஷன்" என்று வந்தது. ஆந்தைகளைப் பற்றிய கட்டுரை. ஆந்தைக் கட்டுரையில் நோயாளி எங்கிருந்து வந்தார் என்று இரண்டு நிமிடம் தேடினேன். பொறுமையாகக் கவனித்தார்களாம். தொழிலில் ஆங்கிலம் புழங்குகிற யாருக்கும் இது வரும். எனவே வார்த்தை நோட்டில் புது வார்த்தைகளைவிட, எனக்கு ஏற்கெனவே தெரிந்த வார்த்தைகளின் இரண்டாவது அர்த்தத்தைத்தான் அதிகம் எழுதினேன். தெரியாத வார்த்தை வந்தால், அது நல்லதா கெட்டதா, கூடுகிறதா குறைகிறதா என்று மட்டும் பக்கத்து வரிகளை வைத்து முடிவுசெய்துவிட்டு நகர்ந்துவிடுவேன். பெரும்பாலும் அது போதும்.

ஓ.இ.டி. எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அது மருத்துவத் துறையினருக்கென்றே உள்ள பரீட்சை, என்.எம்.சி. அதையும் ஏற்கிறது. அதன் ரீடிங்கில் முதல் பகுதி, நான்கு சின்னத் தாள்களைப் பார்த்து 15 நிமிடத்தில் 20 கேள்வி. வார்டில் நாம் தினமும் செய்கிற வேலையேதான். நான் எழுதிய சமயத்தில் கட்டணம் ஐயெல்ட்ஸைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தக் கணக்கில்தான் நான் போகவில்லை. இரண்டு தடவை தோற்று மூன்றாவது கட்டணமும் கட்டியபின் கூட்டிப் பார்த்தால் அந்தக் கணக்கு எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆந்தை வேண்டாம், நோயாளியே போதும் என்பவர்கள் முதலிலேயே அதை யோசிக்கலாம்.

மூன்றாவது தடவை கம்ப்யூட்டரில் எழுதினேன். இடது பக்கம் கட்டுரை, வலது பக்கம் கேள்வி, மேலே நேரம் ஓடிக்கொண்டிருக்கும். கட்டத்திலேயே நேராக விடையைப் போடுவதால் என் பழைய விபத்துக்கு வழியே இல்லை. வரியைத் தேர்ந்தெடுத்து மஞ்சள் பூசிக்கொள்ளலாம். ஆனால் திரையில் நீளமாகப் படித்துப் பழக்கமில்லாதவர்களுக்குக் கண் வரி தாண்டும். அதற்காகவே கடைசி மூன்று வாரம் தம்பியின் லேப்டாப்பில் மட்டும் படித்தேன். அன்றைக்கு வந்த மூன்றாவது கட்டுரை பாதி புரியவில்லை. வாய்க்குள் ஏழு பத்திக்கும் ஏழு வரி சொல்லிப் பார்த்தேன், ஐந்து வரி வந்தது. வந்த ஐந்தை வைத்துக்கொண்டு போனேன்.

ரிசல்ட் வந்துவிட்டதாக மெயில் வந்தபோது பஸ்ஸில் இருந்தேன், கீழே இறங்கிக்கொண்டிருந்தோம். திறப்பதற்குள் வளைவு திரும்பி சிக்னல் போய்விட்டது. அடிவாரம் வரும் வரை வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கோரிமேடு பக்கம் வந்ததும் திறந்தது. ரீடிங் 7.5.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தெரிந்த எண்களை மட்டும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இதுல லண்டன்ல வேலைன்னு போட்டிருக்கா கண்ணு?"

"இல்லம்மா, மார்க்கு மட்டும்தான். இன்னும் நர்ஸிங் பாடத்துல ஒரு கம்ப்யூட்டர் பரீட்சை, இன்டர்வியூ எல்லாம் இருக்கு."

"வேலைன்னு எழுதலைல்ல?"

"எழுதல."

"சரி, அப்ப சாப்பிட்டுப் படு. நாளைக்கு ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கோணும்."